தறிக்குழிக்குள் ஜிம்மி

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இந்தக் காஞ்சிபுரத்தில் என்னென்ன உண்டாக்கினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் சொன்னால் பீற்றிக்கொள்கிறான் என்பீர்கள். முதலில் சொன்னால் அதுவே அறிமுகமாகிவிடும். ஐயம்பேட்டையில் ஓலைக் கொட்டகையில் பிறந்தவன், அதே இடத்தில் மாடி வைத்துக் கட்டினேன். கோயில் ஊரில் நாய்க்குட்டி விற்று எவனாவது பிழைப்பானா என்று என் மாமனாரே சிரித்தார். அவருடைய கடைசிக் காலத்து வைத்தியமெல்லாம் நாய்க்குட்டி விற்ற காசில்தான் நடந்தது. கூண்டு செய்ய ஆள் கூப்பிட வசதியில்லாமல் வெல்டிங்கை நானே கற்றுக்கொண்டேன். பாதிப் புருவம் அதில் போனது, இன்னும் முளைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தீவனக் கடை வைத்தேன். மூத்த பெண்ணை நர்ஸ் படிக்கவைத்தேன். எங்கள் தெருவின் முதல் ஃபிரிட்ஜ் என் வீட்டுக்குத்தான் வந்தது, நாய்த் தடுப்பூசி மருந்து வைப்பதற்காக. அதில் தயிர் வைக்கக் கூடாது என்று நான் போட்ட உத்தரவை என் மனைவி கன்னியம்மா ஒரு கோடைகாலம் முழுக்கப் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் மருந்துக்குப் பக்கத்தில் தயிர் ஏறியது, தயிருக்குப் பக்கத்தில் மீன் குழம்பும் ஏறியது.

இத்தனையும் உண்டாக்கியவனைப் போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், காதுபட, பெயரில்லாத ஆளாக ஆக்கிவிட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஏகாம்பரம் குடும்பத்து விசேஷம். ஏகாம்பரம் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் எனக்குப் பத்திரிகை வந்தது, போனேன். முதல் பந்தி முடிந்து மேசை துடைக்க வந்த அம்மாள் வாளியில் பினாயிலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்குப் பினாயில் என்றால் சந்தனம் மாதிரி. விடிந்ததும் பினாயிலில் கண் விழித்து, பினாயிலிலேயே கைகழுவிச் சோறு தின்ற ஆள் நான். அந்த வாசனையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தபோது, இரண்டு இலை தள்ளி, அந்த வீட்டு மாப்பிள்ளை தன் ஆபீஸ் நண்பர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க மாமனார் ஊட்ல முந்தி ஒரு நாய் இருந்துதுபா. எவனோ ஒருத்தன் சீக்கு புடிச்ச குட்டியைத் தலையில கட்டிட்டுப் போயிட்டான். அது வளர்த்த பொண்ணையே கடிச்சிடுச்சு…” அதற்குள் பாயசம் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாயசத்தை நான் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

அந்த எவனோ ஒருத்தன் நான்தான். அந்தக் குட்டி ஜிம்மி.

ஜிம்மியைச் சொல்லவேண்டுமானால் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து தொடங்கவேண்டும். அப்போது ஊரில் சடைநாய் மோகம். பொமரேனியன் என்பது வாயில் நுழையாதவர்கள் சடைநாய் என்பார்கள். பட்டுக்கடை முதலாளி வீட்டில் ஒன்று, வக்கீல் வீட்டில் ஒன்று, சின்ன காஞ்சிபுரத்தில் வாத்தியார் வீடுகளில்கூட ஒன்று. முக்கால்வாசிக்கு ஜிம்மி என்றுதான் பெயர். சாயங்காலம் தெருமுனையில் நின்று “ஜிம்மி” என்று கூப்பிட்டால் ஏழெட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும். அத்தனையும் என் குட்டிகள். அதற்கு முன் சென்னையில் ஒரு பங்களாவில் நாய் குளிப்பாட்டும் வேலை பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் நாய்க்குக் கறியும் எனக்கு மோர்ச்சோறும் போட்டார். குறை சொல்லவில்லை, கண்காட்சியில் மெடல் வாங்கியது நாய்தானே. வேலையை விட்டு வரும்போது ஒரு பெட்டைக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் சாம்ராஜ்யம் அந்த மடியில் தொடங்கியது.

விற்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. சில பட்டுக்கடைகளில் சேலையை விரித்துக் காட்டும்போது எங்காவது இழை விட்டுப்போயிருந்தால், கடைக்காரரே வாங்குகிறவரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைப்பார். “இங்க ஒரு இழை போயிருக்குது, தெரிஞ்சி எடுத்துக்கோங்க” என்பார். சின்ன வயதில் சுமை தூக்கப் போன இடத்தில் பார்த்தது. அதையே நான் நாய்க்குக் கொண்டுவந்தேன். குட்டியை வாங்குகிறவர் மடியில் மல்லாக்கப் போட்டு, குறை இருந்தால் அவர் விரலையே அதன்மேல் வைத்துக் காட்டுவேன். நான் மட்டும் பார்த்து, நான் மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு விற்ற குட்டி ஒன்றுகூடக் கிடையாது.

ஏகாம்பரம் தன் மனைவி விசாலத்தோடும், ஒன்பது பத்து வயதிருக்கும் மகள் புவனாவோடும் ஆட்டோவில் வந்து இறங்கியது ஐப்பசி மழையில். ஒல்லியான மனிதர், வீட்டிலேயே தறி. புவனா நேராகப் போய் முழு வெள்ளைக் குட்டி ஒன்றைத் தூக்கிவிட்டாள். அந்த ஈற்றிலேயே சின்னது அது. அதற்குத் தொப்புளில் சுண்டைக்காய் அளவு புடைப்பு இருந்தது. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். கால்நடை டாக்டர் முன்பே பார்த்திருந்தார். வளர வளர மூடிக்கொள்ளும், மூடாவிட்டால் ஒரு தையல் போடலாம், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்.

“விரலை இங்க வைங்கண்ணே” என்று ஏகாம்பரத்தின் விரலைப் பிடித்து வைத்தேன்.

அவர் அழுத்திப் பார்த்தார். “மெத்துனு இருக்குது. என்னாது இது?”

“தொப்புள் சரியா மூடலை. டாக்டர் பார்த்துட்டாரு. தானா மூடிக்கும். மனசுக்கு ஒப்பலைன்னா வேற குட்டி எடுத்துக்கோங்க.”

விசாலம் சிரித்தார். “இவ பொறந்தப்ப இவளுக்கும் இப்படித்தாம்பா இருந்துது. செப்புக்காசு வச்சிக் கட்டினோம், அமுங்கிடுச்சு.”

“அம்மா, அதையெல்லாம் இங்க ஏம்மா சொல்ற?” என்று புவனா நெளிந்தாள்.

“இதுக்குக் கட்டெல்லாம் வேணாம்மா” என்றேன். “நாய்க்குட்டி, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள ஒரு சுத்து பெருத்துடும்.”

சொன்னேன். மூன்று பேர் காதிலும் விழும்படி சொன்னேன். விலையையும் குறைத்தேன். புவனா குட்டியைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஆட்டோ ஏறினாள்.

மார்கழியில் ஒரு காலை அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் போனேன். தெருவின் நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விற்ற குட்டி எதுவும் என் சைக்கிள் மணிக்கு வராமல் இருந்ததில்லை. ஜிம்மி வரவில்லை.

ஏகாம்பரத்தின் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தேன். அங்கே தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். ஏகாம்பரம் நெய்துகொண்டிருந்தார். குழியின் இருட்டு மூலையில், அவர் காலுக்கு அப்பால், இரண்டு கண் தெரிந்தது.

“எப்பவும் அங்கதாம்பா இருக்குது” என்றார் விசாலம். “சோறும் சரியாத் திங்க மாட்டேங்குது.”

“தொப்புள்?”

“அது அப்பவே அமுங்கிடுச்சு.”

புளித்த வாடை ஒன்று அடித்தது. தெருவெல்லாம் கஞ்சியாக இருக்கிறதே, அதுதான் என்று நினைத்தேன். வெளியே இழுத்துப் பார்க்கலாம் என்றால் தறி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வருகிறேன் என்றேன். சாயங்காலம் வேலூரிலிருந்து குட்டிகள் வந்து இறங்கின. போக முடியவில்லை.

அதே மாதம் அந்தப் பக்கம் ஒரு தெருநாய்க்கு வெறி பிடித்தது. நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் அது ஒரு கன்றுக்குட்டியைக் கடித்திருந்தது. கன்றுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. வாரங்கள் கழித்துத் தை பிறந்த பிறகு ஒருநாள் வேறு குரலில் கத்த ஆரம்பித்தது. கட்டுத்தறியைக் கடித்தது. வாயில் நூல் நூலாக எச்சில் ஒழுக, முட்டி போட்டு, தெருவே பார்க்கச் செத்தது. அதைப் பார்த்த பிறகு பிள்ளையார்பாளையம் பழைய பிள்ளையார்பாளையமாக இல்லை. குழாயடிக்குப் போகிற பெண்கள் குடத்தோடு ஒரு கழியும் எடுத்துப்போனார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே கதவுகள் சாத்தின. வீட்டு நாய்களையே ஜனங்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். பால் ஊற்றி வளர்த்தவர்களே தட்டைக் காலால் தள்ளிவிட்டு நின்றார்கள். எனக்கு விற்பனை சட்டென்று குறைந்தது. கூண்டில் குட்டிகள் பெருத்துக்கொண்டே போயின.

அப்படி ஒரு பிற்பகல்தான் ஏகாம்பரத்தின் அடுத்த வீட்டுக் கோபால் மொபெட்டில் வந்து நின்றார். இறங்கவில்லை, இஞ்சினையும் அணைக்கவில்லை.

“உன் நாயி அந்தப் பொண்ணைக் கடிச்சிடுச்சு. வாயில எச்சி ஊத்துது. அடிச்சிப் போடறதுக்கு முந்தி உனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு ஏகாம்பரம் சொன்னாரு. சொல்லிட்டேன்.”

உன் நாயி என்றார். விற்று மூன்று மாதமாகியும் அது என் நாய்தான்.

நான் போனபோது வாசலில் கழியும் கையுமாக ஆட்கள். ஒருவர் கயிற்றில் சுருக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஏன் அடிக்கவில்லை என்பது உள்ளே போன பிறகுதான் புரிந்தது. ஜிம்மி தறிக்குழிக்குள் இருந்தது. தறியில் யாருடைய கல்யாணத்துக்கோ பாதி நெய்த கூறைச் சேலை. அதன் கீழே கழியை ஓங்கினால் பாவு அறுந்துபோகும். ரத்தம் தெறித்தால் முகூர்த்தச் சேலை முகூர்த்தத்துக்கு ஆகாது. அந்தச் சிவப்புப் பாவுதான் ஜிம்மிக்குக் கூரையாக இருந்து அதுவரை அதைக் காப்பாற்றியிருந்தது. குழியின் திறந்த பக்கத்தில் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பலகைக்கு அடியிலிருந்து ஓயாமல் ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது.

புவனா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் அப்பியிருந்தது. விசாலம் அழுதுகொண்டிருந்தார். நாய் கடித்தால் அப்போது தொப்புளைச் சுற்றி வயிற்றில் ஊசி போடுவார்கள். பெரிய ஆட்களே பெயரைக் கேட்டு நடுங்குவார்கள்.

“மஞ்சளை எடுத்துட்டுக் குழாயடியில சோப்பு போட்டுத் தேய்ச்சிக் கழுவுங்கம்மா. அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க” என்றேன். பிறகு புவனாவிடம், “எப்படிம்மா கடிச்சுது?” என்று கேட்டேன். அதுவரை அந்தப் பெண்ணிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

“தூக்கினேன் மாமா. வயித்துல கை பட்டாவே கத்துது. முந்தா நேத்துகூட அப்படித்தான். சும்மா இருந்தா கடிக்காது.”

வெறிநாய்க்கு வயிறு என்றும் முதுகு என்றும் கணக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குழிக்குள் இறங்கினேன். அந்தத் துப்பைக் கொடுத்தது புவனா, இறங்கியது நான். ஏகாம்பரத்தைத் தவிர ஆட்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். கைக்குக் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டேன். தைரியசாலி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் முட்டி ஆடியதில் மிதிகட்டை தானாக ஏறி இறங்கியதை ஏகாம்பரம் பார்த்தார், சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தார்.

உள்ளே அந்த வாடை. இப்போது அது கஞ்சி இல்லை என்று தெரிந்தது. சாக்கைப் போட்டு அமுக்கியதும் ஜிம்மி திரும்பி என் கட்டைவிரலைச் சாக்கோடு கடித்தது. விடவில்லை. அது கடித்தபடியே இருக்க, நான் இன்னொரு கையை அடிவயிற்றுச் சடைக்குள் விட்டேன். விரலுக்கு ஈரம் பட்டது. பிறகு ஒரு வரப்பு மாதிரி தட்டுப்பட்டது, வயிற்றைச் சுற்றி முழுவதும். சடையைப் பிரித்துப் பார்த்தேன். தோல் பிளந்து, அந்தப் பிளவுக்குள்ளே, மேலே சதை மூட ஆரம்பித்த நிலையில், வெள்ளையாக ஒரு நூல்.

“ஏகாம்பரண்ணே, இங்க வாங்க” என்றேன்.

அவர் குனிந்தார். “எங்க ஊட்டுப் பட்டு” என்றார்.

நடந்தது இதுதான். நான் வேண்டாம் என்று சொல்லியும், குழந்தைக்குச் செய்ததுபோலவே தொப்புளில் காசு வைத்துத் துணியால் கட்டியிருக்கிறார்கள். துணியைக் குட்டி கடித்து இழுத்துவிட்டது. துணி உறுத்துகிறது போலிருக்கிறது, மெத்தென்று இருக்கட்டும் என்று, ஏகாம்பரம் சாயம் போடாத வெள்ளைப் பட்டு இழைகளை முறுக்கிச் சுற்றிவிட்டார். அன்பாகத்தான் செய்தார். பட்டைவிட மெத்தென்று அந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது? கொஞ்ச நாளில் காசு தறிக்குழியில் கிடந்தது. கட்டு அவிழ்ந்து விழுந்துவிட்டது, தொப்புளும் அமுங்கிவிட்டது என்று நிம்மதியானார்கள். விழுந்தது காசு மட்டும்தான். வெள்ளைச் சடைக்குள் வெள்ளைப் பட்டு யார் கண்ணுக்கும் படவில்லை. குட்டி வளர்ந்தது, பட்டு வளரவில்லை. அறுகிற நூலாக இருந்தால் அறுந்திருக்கும். அவர் கை முறுக்கிய நூல் அறுமா?

சாக்கில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் மயக்க ஊசி போட்டு நூலை எடுத்தார், காயத்தைக் கழுவினார். அவர் கைவேலையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல வார்த்தை மட்டும் அவரிடமிருந்து வரவில்லை.

“இந்தக் காயத்துக்கே கடிக்கும்தான், எச்சியும் ஊத்தும்தான். ஆனா வெறி இல்லைன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது. அந்தத் தெருவுல வெறி வந்திருக்குது. பத்து நாள் கட்டி வச்சிப் பாக்கணும், வெறின்னா அதுக்குள்ள செத்துடும். நாய் உயிரோட இருந்தா எல்லாருக்கும் நல்லது.”

எல்லாருக்கும் என்றால் புவனாவுக்கு. எனக்கும். கட்டைவிரலில் பல் இறங்கியிருந்தது.

ஜிம்மியை யார் வீட்டில் வைப்பது? பிள்ளையார்பாளையத்துக்குள் அதைக் கொண்டுவரக் கூடாது என்று கோபாலும் மற்றவர்களும் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுப் பின்கட்டில் தனிக்கூண்டில் வைத்தேன். கன்னியம்மா ஒரு வார்த்தைதான் பேசினாள். “புள்ளைங்க இருக்கற ஊட்ல இதை வெச்சிக்கினு என்னை என்ன பண்ணச் சொல்ற?” பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கூரம் கிராமத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் அதுவும்தான். மற்ற கூண்டுக் குட்டிகள் அந்தக் கூண்டுப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தன. ஏன் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பார்த்தேன். வெறி இருந்தால் தண்ணீர் இறங்காது என்பதால், தண்ணீர்க் கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட்டு, குடிக்கிறதா என்று பார்ப்பதே வேலை. குடித்தால் மூச்சு வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கிண்ணத்தை இன்னும் கிட்டத்தில் தள்ளுவேன். எனக்கே தண்ணீர் விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதோ என்று செம்பை எடுத்து எடுத்துக் குடித்துப் பார்த்துக்கொண்டேன். கோபால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மொபெட்டை நிறுத்தாமலேயே குரல் கொடுப்பார். “இருக்குதா, போயிடுச்சா?”

காலையில் ஆஸ்பத்திரி வரிசை. எனக்கு முன்னால் புவனா, தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. முதல் நாள் அவள் முடித்து வந்தபின் நான் உள்ளே போனேன். வயிற்றைத் திறந்து காட்டிப் படுத்ததும், சொல்ல வெட்கம்தான், கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஒழுகியது. திரைக்கு வெளியிலிருந்து அவள் குரல் கேட்டது. “அழாதீங்க மாமா. எறும்பு கடிக்கற மாதிரிதான். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஊசியை எண்ணிக்கினு வாங்க.” அடுத்த நாளிலிருந்து தினமும் அவள் கேட்டது ஒரே கேள்வி. “ஜிம்மி எழுந்துச்சா?” ஊசியைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. “எழுந்துடும்மா” என்பேன். எழுந்திருக்கவில்லை. மூக்கைச் சுவரில் வைத்துப் படுத்தே கிடந்தது.

பத்து நாள் கெடுவில் இரண்டு நாள் பாக்கி இருக்கும்போது ஒரு காலை, வழக்கம்போல் கோபால் மொபெட்டில் போனார். “இருக்குதா” என்று ஆரம்பித்தார். பின்கட்டிலிருந்து குரைப்புச் சத்தம் வந்தது. காய்ந்த, உடைந்த குரைப்பு. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜிம்மி நின்றுகொண்டிருந்தது. கால் நடுங்கியது, ஆனால் நின்றது. கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. கெடு முடிந்ததும் டாக்டர் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் ஊசியை நிறுத்தினார்கள்.

ஏகாம்பரம் வந்து ஜிம்மியைத் தோளில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “நூல் விஷயம் தெருவுக்குத் தெரிய வேணாம்பா. இந்தக் கையாலயே பொண்ணுக்குச் சாவை முறுக்கினேன்னு சொல்லுவாங்க” என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அவர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகவும் அதனால் பிழைத்ததாகவும் தெருவில் பேச்சு பரவியது. அது பொய்யில்லை, வேண்டிக்கொண்டார்தான். ஆனால் குட்டி ஏன் அப்படி ஆனது என்று கேட்டவர்களுக்கு, வாங்கும்போதே தொப்புளில் ஏதோ கோளாறு இருந்ததாம் என்று ஒரு பதில் மிஞ்சியது. அந்தப் பதில் என் கூண்டு வாசலில் வந்து உட்கார்ந்தது. அந்த வருடம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருத்தரும் என்னிடம் குட்டி வாங்கவில்லை. திருப்புட்குழிப் பக்கமும் வாலாஜாபாத் பக்கமும் அலைந்து விற்றேன். ஏகாம்பரம் உயிரோடு இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

ஜிம்மி புவனா கல்யாணத்துக்கு முந்திய வருடம்வரை இருந்தது. அமுங்கிவிட்டதாக நினைத்த தொப்புளுக்கு டாக்டர் பிறகு ஒரு தையல் போட்டார், அதோடு சரி. இப்போது அந்தக் குழியை மூடி டைல்ஸ் ஒட்டி, மேலே சோபா போட்டிருக்கிறார்கள். வயிற்றில் போடுகிற ஊசி போய்விட்டது, கையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஊரில் சடைநாயே இல்லை. என் பேரன் வயதுப் பிள்ளைகள் அதை நரிக்குட்டி என்கிறார்கள். குட்டி வாங்குகிறவர்கள் செல்போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். படத்தில் எல்லாக் குட்டியும் முன்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. மல்லாக்கப் போட்டு, விரலைப் பிடித்துக் காட்டுகிற ஆளும் இல்லை, காட்டச் சொல்லிக் கேட்கிற ஆளும் இல்லை.

புவனா, அன்றைக்கு மண்டபத்தில் உன் மகளுக்குத்தான் மஞ்சள் நீராட்டு. நீ சந்தனக் கிண்ணத்தோடு ஓடிக்கொண்டிருந்தாய், உன் வீட்டுக்காரர் சொன்னது உன் காதில் விழுந்திருக்காது. அவரை நான் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்னதை அவர் சொல்கிறார். அம்மனுக்குச் சேரவேண்டியதை அம்மனுக்குக் கொடு. டாக்டருக்கும் கொடு. உன் அப்பாவின் கைக்கு ஒரு குறையும் வராமல் சொல்ல உனக்குத் தெரியும், நீ படித்தவள். ஆனால் அந்தக் குட்டியின் குறையை விற்கும்போதே உன் அப்பாவின் விரலைப் பிடித்துக் காட்டியது யார், குழிக்குள் இறங்கியது யார் என்பது இப்போது உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அடுத்த தடவை அந்த வீட்டில் அந்தக் கதை எடுக்கும்போது, நீயே சொல்லவேண்டும். ஐயம்பேட்டை நாய்க்காரர் என்று சொன்னால் போதும். உன் மகளும் கேட்கும்படி சொல்.